டி.வி. லாட்டரி: ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் விண்ணப்பிக்கும் முறை

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பாடம் நடத்திய ஆண்டுகளில், அக்டோபர் பிறந்தால் ஊரிலுள்ள இன்டர்நெட் கடைகளில் எல்லாம் ஒரே பலகை தொங்கும்: "இங்கே டி.வி. நிரப்பித் தரப்படும்." தொலைக்காட்சியைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விசா தருவதற்காக அந்நாட்டு அரசு ஆண்டுதோறும் நடத்தும் டைவர்சிட்டி விசா குலுக்கலை அங்கே எல்லோரும் டி.வி. என்றுதான் சொல்வார்கள். மாணவர்கள், அவர்களுடைய அக்காக்கள், கல்லூரிக் காவலாளி, காபி வறுத்துத் தரும் பெண் எல்லோரும் அந்தக் கடைகளில் வரிசையில் நிற்பார்கள்.

என் மாணவன் ஒருவனுக்குக் குலுக்கலில் பெயர் வந்தது. ஆனால் படிவத்தை நிரப்பிய கடைக்காரர், முடிவைப் பார்க்கத் தேவைப்படும் உறுதிப்படுத்தும் எண்ணைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மின்னஞ்சல் முகவரியும் அவருடையது. பெரிய தொகை கொடுத்தால்தான் எண்ணைத் தருவேன் என்றார். குடும்பம் மாட்டை விற்றுப் பணம் புரட்டி எண்ணை வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அவனுடைய முறை வருவதற்குள் அந்த ஆண்டின் விசாக்காலம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு ஒவ்வோர் அக்டோபரிலும் மாலை வகுப்பு முடிந்ததும் என் அறையிலேயே மாணவர்களோடு உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். அரை மணி நேர வேலை. அதை யாரிடமும் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதில்லை என்பதை எல்லோருக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தமிழில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தக் குலுக்கலில் இடம் இல்லை. ஆனால் டர்பனிலும் மொரீஷியஸிலும் பிறந்த தமிழர்கள் ஆப்பிரிக்கப் பிரிவில் வருகிறார்கள். அப்பா அம்மா லுசாகாவிலோ அடிஸ் அபாபாவிலோ ஆசிரியர்களாக இருந்தபோது அங்கே பிறந்து, பிறகு மதுரைக்கோ திருச்சிக்கோ திரும்பிய பிள்ளைகளும் அப்படித்தான். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் இங்கே பார்ப்பது பிறந்த ஊரைத்தான். ஆப்பிரிக்க நாட்டில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் உடன் வேலை செய்பவர்கள் இந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வருவதும் வழக்கம்.

முதலில்: இப்போது திறந்திருக்கிறதா?

வழக்கமான நடைமுறை இது. அக்டோபர் தொடக்கத்தில் படிவம் திறக்கும், நவம்பர் முதல் வாரத்தில் மூடும். அடுத்த மே மாதம் முடிவு வரும். அதற்கடுத்த அக்டோபர் 1 முதல் மறு செப்டம்பர் 30 வரை விசா தருவார்கள். டி.வி.-2025 என்று பெயர் இருந்தால் 2023 அக்டோபரில் படிவம் போட்டவர்கள், 2024 மே மாதம் முடிவு பார்த்தவர்கள், 2025 செப்டம்பர் 30-க்குள் விசா வாங்க வேண்டியவர்கள் என்று பொருள். பெயரில் உள்ள ஆண்டைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

2025-இல் இந்த வழக்கம் குலைந்தது. ஜூன் மாதம் வந்த அதிபர் ஆணை சாட், காங்கோ குடியரசு, எக்குவடோரியல் கினி, எரித்ரியா, லிபியா, சோமாலியா, சூடான் நாட்டவருக்கு அமெரிக்காவுக்குள் வருவதையே தடுத்தது. புருண்டி, சியரா லியோன், டோகோ நாட்டவரின் குடியேற்ற விசாக்களையும் நிறுத்தியது. டிசம்பரில் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. அக்டோபரில் திறக்க வேண்டிய டி.வி.-2027 படிவம் வழக்கமான நேரத்தில் திறக்கவில்லை. டிசம்பரில், பிரவுன் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டில் சந்தேகிக்கப்பட்டவர் 2017-இல் இந்த விசாவில் வந்தவர் என்று தெரிந்ததும், திட்டத்தையே நிறுத்தி வைப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில், ஆப்பிரிக்க நாடுகள் பலவும் அடங்கிய 75 நாடுகளின் குடியேற்ற விசாக்களை நிறுத்தி வைத்தார்கள்.

ஆகவே வேறு எதற்கும் முன்னால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் டி.வி. தளத்துக்குப் போய், படிவம் திறந்திருக்கிறதா, உங்கள் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தின் பெயர் டிவிப்ரோகிராம், அதன் பின் ஸ்டேட், கடைசியில் டாட் கவ். டாட் காம் என்றோ டாட் ஆர்க் என்றோ முடிந்தால் அது அரசாங்கத் தளம் இல்லை, எவ்வளவு கொடியும் கழுகும் போட்டிருந்தாலும் சரி. படிவம் மூடியிருக்கும் காலத்தில் "இப்போதே பதியுங்கள்" என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று வேலைதான்.

இந்தக் குலுக்கல் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆண்டுக்கு 55,000 விசா வரை என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. மூடியிருக்கிறதே என்று சும்மா இருக்க வேண்டாம். கீழே சொல்லும் ஆவணங்களைச் சேர்க்க ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் மாதக்கணக்கில் ஆகும். திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

நீங்கள் எந்த நாட்டுக் கணக்கு?

முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000-க்கு மேல் குடியேறிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய நாடுகள் குலுக்கலில் சேராது. ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகளாக அப்படி வெளியே நிற்பது நைஜீரியா. டி.வி.-2015 முதல் அங்கே பிறந்தவர்களுக்கு இடம் இல்லை. மற்ற ஆப்பிரிக்க நாடுகள் டி.வி.-2026 வரை பட்டியலில் இருந்தன. உலகத்தை ஆறு பிரிவாகப் பிரித்து விசாக்களைப் பங்கிடுகிறார்கள். அதில் ஆப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு கிடைக்கிறது. ஆனால் எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகாது. 55,000 என்று வைத்தால் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 3,850.

பிறந்த நாடு என்றால் அந்த ஊர் இன்றைக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாடு. அஸ்மாராவில் 1985-இல் பிறந்தவர் அப்போது அது எத்தியோப்பியா என்று எழுதக் கூடாது. எரித்ரியா என்று எழுத வேண்டும். 2011-க்கு முன்னால் ஜூபாவில் பிறந்தவருக்கு நாடு சூடான் இல்லை, தெற்கு சூடான். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தாலும் படிவத்தில் இப்படித்தான்.

பிறந்த நாடு பட்டியலில் இல்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணவர் அல்லது மனைவி பிறந்த நாடு. நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர் அக்ராவில் பிறந்த பெண்ணை மணந்திருந்தால் கானாவின் கணக்கில் விண்ணப்பிக்கலாம். ஆனால் இருவரும் ஒரே படிவத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் விசா கிடைக்க வேண்டும், சேர்ந்தே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். இன்னொன்று, பெற்றோர் பிறந்த நாடு. நீங்கள் பிறந்த நேரத்தில் பெற்றோர் இருவரும் அந்த நாட்டில் பிறந்தவர்களோ நிரந்தரமாக வசித்தவர்களோ இல்லை என்றால், அவர்களில் ஒருவர் பிறந்த நாட்டைக் காட்டலாம். படிப்பதற்காகச் சென்னைக்கு வந்த கென்யத் தம்பதிக்கு இங்கே பிறந்த குழந்தை இதற்கு நல்ல உதாரணம். பிறந்தது இந்தியாவில் என்றாலும் கென்யாவைக் காட்டலாம். படிவத்தில் இதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது. விளக்கத்தையும் அங்கேயே எழுதச் சொல்வார்கள்.

படிப்புத் தகுதி

பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு, குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சியோ அனுபவமோ தேவைப்படும் தொழிலில் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்தத் தொழில் எது என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பட்டியலை வைத்து முடிவு செய்வார்கள். ஓட்டுநர், கடை விற்பனையாளர் போன்ற பெரும்பாலான வேலைகள் அதில் தேறாது. நல்ல தச்சர், நல்ல தையல்காரர் என்ற பெயர் மட்டும் போதாது.

குலுக்கலில் பெயர் வந்தும் பிறகு அமெரிக்கத் தூதரகத்தில் நடக்கும் நேர்காணலில் தோற்றுப் போகிறவர்களில் பலர் விழுவது இந்த இடத்தில்தான். எத்தியோப்பியாவில் நெடுங்காலம் பத்தாம் வகுப்பில் ஒரு தேசியத் தேர்வு இருந்தது. அதில் போதிய மதிப்பெண் எடுக்காதவர்கள் தொழிற்பயிற்சிக்குப் போனார்கள். உயர்கல்விக்கு வழி தராத தொழிற்பயிற்சிச் சான்றிதழ் இங்கே பள்ளிப் படிப்புக்குச் சமம் ஆகாது. பிரெஞ்சு வழி நாடுகளில், டோகோ, பெனின், செனகல் போன்ற இடங்களில், பாக் எனப்படும் பக்கலோரியா என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும். அதற்குக் கீழே உள்ள பி.இ.பி.சி. சான்றிதழ் போதாது. தேர்வு எழுதினேன், தவறிவிட்டேன் என்றால் படிப்பை முடித்ததாக ஆகாது.

படிவம் போடும்போது யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால்தான் தகுதி இல்லாதவர்களையும் கடைக்காரர்கள் வரிசையில் நிறுத்திக் காசு வாங்குகிறார்கள். நேர்காணல் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, பயணம் என்று எல்லாம் செலவழித்த பிறகுதான் உண்மை தெரியும். அந்தச் செலவு திரும்பி வராது. உங்கள் தம்பிக்கோ நண்பருக்கோ தகுதி இல்லை என்று தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் அதுதான் உதவி.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட்

எத்தியோப்பியர்களின் பெயர் முறை நமக்கு உடனே புரியும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். நம்மைப் போலவே அவர்களும் கடைசிப் பெயர் என்ற கட்டத்தின் முன் திகைத்து நிற்பார்கள். ஒரே விதிதான்: பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலில் இங்கேயும் எழுதுங்கள். எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் உள்ள பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று காட்டும் சான்றை உள்ளூர் அலுவலகத்தில் இப்போதே வாங்கி வையுங்கள்.

பிறந்த தேதி இன்னும் பெரிய வில்லங்கம். எத்தியோப்பிய நாட்காட்டியில் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். ஆண்டுப் பிறப்பு நம் கணக்கில் செப்டம்பர் 11. சில ஆண்டுகளில் 12. நம் நாட்காட்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஏழு அல்லது எட்டு ஆண்டுகள். அவர்களுடைய 1990-இன் முதல் நாளான மெஸ்கெரெம் 1 என்றால் நம் கணக்கில் 1997 செப்டம்பர் 11. அதே 1990-இன் திர் மாதம் என்றால் 1998 ஜனவரிக்கு வந்துவிடும். பலர் கண்ணை மூடிக்கொண்டு ஏழு ஆண்டைக் கூட்டிவிடுவார்கள். மாதத்தையும் நாளையும் அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. படிவத்தில் ஒரு தேதி, பாஸ்போர்ட்டில் ஒரு தேதி என்றால் நேர்காணலில் ஆளே வேறோ என்ற சந்தேகம் வரும். ஆகவே நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதே தவறு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள்.

அப்படியானால் விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட் வேண்டுமா? 2019-இல் வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். டி.வி.-2020-இல் சுமார் 1.47 கோடியாக இருந்த படிவங்கள் அடுத்த ஆண்டே சுமார் 67 லட்சமாகச் சரிந்தன. பாஸ்போர்ட் எடுக்க வசதி இல்லாதவர்களே பெரும்பாலும் விலகினார்கள் என்பது என் எண்ணம். 2022-இல் நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் அதே விதியை, பாஸ்போர்ட் பக்கத்தின் நகலையும் ஏற்ற வேண்டும் என்ற சேர்க்கையோடு, மறுபடி முன்மொழிந்தார்கள். எப்படியும் விசாவுக்குப் பாஸ்போர்ட் தேவை. கையில் பணம் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

புகைப்படம்

ஒரு படிவம் குலுக்கலுக்குப் போகாமலேயே கழிந்துவிட இது போதும். விவரம் இதுதான்: ஜேபெக் கோப்பு, 600-க்கு 600 பிக்சல், 240 கிலோபைட்டுக்குள், வண்ணப்படம், வெள்ளை அல்லது வெளிர் பின்னணி. தலை, மோவாய் முதல் உச்சி வரை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருக்க வேண்டும். கண்ணாடி போடக் கூடாது. மத வழக்கத்துக்காகத் தினமும் தலையை மூடுகிறவர்கள் மூடலாம், முகம் முழுதாகத் தெரிய வேண்டும், நிழல் விழக் கூடாது.

படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். போன ஆண்டு ஏற்றிய அதே படத்தை மறுபடி ஏற்றினால் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். என்னிடம் வந்த மாணவர்கள் அதிகம் செய்த தவறு இதுதான். "சார், போன வருஷம் எடுத்த படம் நன்றாக இருக்கிறதே" என்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களைப் போலவே அங்கேயும் கறுத்த முகத்தை வெளுப்பாக்கித் தரும் பழக்கம் உண்டு. வேண்டாம். படத்தைத் திருத்துவது விதிக்கு மாறானது. உங்கள் முகமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி ஆகிவிடும். ஜன்னலுக்கு எதிரில் நின்று, பகல் வெளிச்சம் முகத்தில் சீராக விழும்படி போனிலேயே எடுத்தால் போதும். வெளிநாட்டு விசா படத்துக்கான இலவசச் சரிபார்ப்புக் கருவி அமெரிக்க அரசின் தளத்தில் உண்டு. மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், கைக்குழந்தைக்கும்கூட, தனித்தனிப் படம் வேண்டும்.

படிவம்

தளத்தில் படிவத்தை நீங்கள் திறந்த பிறகு 60 நிமிடத்துக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். பாதியில் சேமித்து வைக்க முடியாது. அதனால் எல்லா விடைகளையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், நாடு, முகவரி, இப்போது வசிக்கும் நாடு, மின்னஞ்சல், படிப்பு, திருமண நிலை, குழந்தைகள். பிறந்த ஊர் என்ற இடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள், மாவட்டமும் மாநிலமும் வேண்டாம். நவம்பரில் படிவம் மூடும் நாள் வரை காத்திருக்காதீர்கள். மின்வெட்டும் இன்டர்நெட் தடையும் சேர்ந்துவிட்டால் தளம் உங்களுக்காகக் காத்திருக்காது.

ஒருவருக்கு ஒரு படிவம்தான். இரண்டு போட்டால் இரண்டும் போய்விடும். தெரியாமல் அண்ணன் ஒன்று போட்டு, நீங்கள் ஒன்று போட்டாலும் அதே கதிதான், ஆகவே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரும் தகுதி உள்ளவர்களாக இருந்தால் ஆளுக்கு ஒரு படிவம் போடலாம், ஒருவர் படிவத்தில் மற்றவர் பெயரையும் சேர்த்து. இது விதிக்கு உட்பட்டது, வாய்ப்பும் இரட்டிக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

குடும்பப் பட்டியலில் எதையும் மறைக்க வேண்டாம். சட்டப்படி கணவர் அல்லது மனைவி, பிரிந்து வாழ்ந்தாலும், பெயர் இருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ள திருமணமாகாத எல்லாக் குழந்தைகளும் இருக்க வேண்டும்: தத்து எடுத்தவர்கள், மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளைகள், ஊரில் பாட்டியிடம் வளர்கிறவர்கள், உங்களோடு அமெரிக்காவுக்கு வரப்போவதே இல்லாதவர்கள் என்று எல்லோரும். ஏற்கெனவே அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. ஒரு குழந்தையை விட்டாலும் குடும்பம் முழுவதன் விசாவும் போய்விடும். திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தையைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, பிறகு அழுதவர்கள் உண்டு. படிவத்தைத் திரும்பத் திருத்த முடியாது.

நெடுங்காலம் இந்தப் படிவத்துக்குக் கட்டணமே இல்லை. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஒரு டாலர் கட்டணம், அதையும் அரசுத் தளத்திலேயே கட்ட வேண்டும். ஆப்பிரிக்காவில் வெளிநாட்டுப் பணம் செலுத்தும் அட்டை எல்லோரிடமும் இருப்பதில்லை. இந்த ஒரு டாலரைச் சாக்கிட்டுக் கடைக்காரர்கள் பழையபடி நடுவில் வருவார்கள் என்று எனக்குக் கவலை இருக்கிறது. அட்டை உள்ள நண்பர் கட்டி உதவலாம். ஆனால் விசைப்பலகையில் உங்கள் விரல்தான் இருக்க வேண்டும்.

உறுதிப்படுத்தும் எண்

அனுப்பியதும் திரையில் உங்கள் பெயரும் ஓர் எண்ணும் வரும். அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். போனில் படம் எடுங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஒரு நகலை அம்மாவின் பெட்டியில் வையுங்கள். கடையில் நிரப்ப வேண்டிய கட்டாயம் என்றாலும் மின்னஞ்சல் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும், எழுந்து வரும் முன் எண் உங்கள் கைக்கு வரட்டும். எண் தொலைந்தால் பெயர், பிறந்த தேதி, படிவத்தில் கொடுத்த மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்து அதே தளத்தில் மீட்கலாம். என் மாணவனுக்கு அந்த வழியும் அடைபட்டது ஏன் என்று இப்போது புரியும்.

மே மாதம் முதல் சனிக்கிழமை வாக்கில் முடிவு வரும். அதை நீங்களேதான் தளத்தில் போய்ப் பார்க்க வேண்டும். "வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள்" என்று அமெரிக்க அரசு யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாது, போன் செய்யாது, வாட்ஸாப்பில் வராது. வெஸ்டர்ன் யூனியனில் பணம் கட்டச் சொல்லாது. அப்படி வந்தால் அழித்துவிடுங்கள். மே மாதம் இல்லை என்று வந்தாலும் எண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். சில ஆண்டுகளில் பின்னால் இன்னும் சிலரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த விசா ஆண்டின் செப்டம்பர் 30 வரை பார்க்கலாம்.

பெயர் வந்தால்

பெயர் வருவது விசா வந்தது ஆகாது. டி.வி.-2025-க்குச் சுமார் 1.99 கோடிப் படிவங்கள் வந்தன. குடும்பத்தினரையும் சேர்த்துச் சுமார் 1,31,000 பேர் தேர்வானார்கள். விசாவோ 55,000-க்குள். வேலையை விட்டுவிடாதீர்கள், நிலத்தை விற்காதீர்கள், கையில் விசா வரும்வரை.

தேர்வுக் கடிதத்தில் ஒரு வழக்கு எண் இருக்கும்: ஆண்டு, ஆப்பிரிக்காவைக் குறிக்கும் ஏ.எஃப். என்ற எழுத்துகள், பிறகு ஓர் எண். அந்தக் கடைசி எண்தான் உங்கள் வரிசை. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் ஆப்பிரிக்காவுக்கு ஓர் எல்லை எண் போடுவார்கள். உங்கள் எண் அதற்குக் கீழே இருந்தால் உங்கள் முறை. எகிப்து, அல்ஜீரியா, மொராக்கோ போன்ற நாடுகளுக்குச் சில ஆண்டுகளில் தனி எல்லை உண்டு. எண் சிறியதாக இருந்தால் விசா ஆண்டின் தொடக்கத்திலேயே அழைப்பு வரும், பெரியதாக இருந்தால் கடைசி மாதங்கள் வரை நெஞ்சு படபடக்கும்.

அடுத்தது டி.எஸ்.-260 என்ற இணையப் படிவம். இதை உடனே நிரப்புங்கள். கென்டக்கி மாநிலத்தின் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள தூதரக மையம் இதைப் பரிசீலித்த பிறகுதான் நேர்காணல் தேதி தரும். நேர்காணல் எந்த ஊர் என்பதிலும் கவனம் வேண்டும். மொராக்கோவில் ரபாத் இல்லை, காசாபிளாங்கா. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா இல்லை, ஜோகன்னஸ்பர்க்.

நேர்காணலுக்கு மூல ஆவணங்கள் வேண்டும்: பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, திருமணச் சான்று, காவல்துறைச் சான்று. காவல்துறைச் சான்று, 16 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் வசித்த வேறு நாடுகளிலிருந்தும் வேண்டும். துபாயிலோ பெய்ரூட்டிலோ வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய எத்தியோப்பியப் பெண்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். அங்கிருந்து வாங்க நாள் பிடிக்கும், பெயர் வந்த அன்றே தொடங்குங்கள். எத்தியோப்பியாவில் நாடு முழுவதும் பிறப்புப் பதிவு 2016-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் வளர்ந்த பிறகு சென்று சான்று வாங்க வேண்டியிருக்கும். மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் குறித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும், வேறு எந்தப் பெரிய மருத்துவமனைச் சான்றும் செல்லாது.

பணக் கணக்கு: நேர்காணல் அன்று தூதரகத்தில் ஆளுக்கு 330 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. நால்வர் குடும்பம் என்றால் 1,320 டாலர். அதற்கு மேல் பரிசோதனை, சான்றுகள், பயணம். விசா வந்த பிறகு கிரீன் கார்டுக்காக ஆளுக்கு 235 டாலர். போய் இறங்கிய பின் அரசு உதவியை நம்பி நிற்க மாட்டீர்கள் என்பதற்கு அங்கே உள்ள உறவினரின் ஆதரவுக் கடிதத்தையும் கேட்கலாம்.

இந்தப் பணம்தான் அடுத்த ஆபத்தைக் கொண்டுவருகிறது. பெயர் வந்ததும் வசதியுள்ள ஒருவர் வந்து, "செலவு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், என் மகளை மனைவி என்று சேர்த்துக்கொள்" என்பார். மேற்கு ஆப்பிரிக்காவில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. படிவம் போட்ட பிறகு உண்மையாகவே திருமணம் செய்துகொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் தேர்வுக்குப் பின் வந்த திருமணம் என்றால் அதிகாரி இருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்பார். திருமணத்துக்கு யார் வந்தார்கள், மாமியார் பெயர் என்ன, வீட்டில் எந்தப் பக்கம் சமையலறை என்று. பொய் வெளிப்பட்டால் வாழ்நாள் முழுக்க அமெரிக்க விசா கிடைக்காமல் போகலாம். பணம் இல்லாவிட்டால் ஊரில் கடன் வாங்குங்கள், சர்ச்சிலோ மசூதியிலோ கேளுங்கள். இந்தப் பேரத்துக்கு மட்டும் சம்மதிக்க வேண்டாம்.

செப்டம்பர் 30-க்குப் பிறகு அந்த ஆண்டு விசாவுக்கு வாழ்வு இல்லை. கூடுதல் ஆவணம் கேட்டுக் கோப்பை நிறுத்தி வைத்திருந்தாலும், உங்கள் மீது எந்தத் தவறும் இல்லாவிட்டாலும், அன்றோடு முடிந்தது. பின்னால் வந்து சேர நினைக்கும் மனைவி மக்களுக்கும் அதே கெடு. 21-ஐ நெருங்கும் பிள்ளை இருந்தால், படிவம் திறந்த நாளிலிருந்து தேர்வுக் கடித நாள் வரையிலான நாட்களை வயதிலிருந்து கழிப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விசா கையில் வந்தால் அதில் உள்ள தேதிக்குள், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள், போய்ச் சேர வேண்டும். குலுக்கலில் பெயர் வந்தவர் முதலில் இறங்க வேண்டும், அல்லது குடும்பம் அவரோடு சேர்ந்து இறங்க வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் முன்னால் அனுப்பக் கூடாது. தூதரகம் ஒட்டிய உறை கொடுத்தால் விமான நிலைய அதிகாரியிடம் தரும்வரை பிரிக்காதீர்கள். கிரீன் கார்டு தபாலில் வரும், அதனால் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது மாறாத ஒரு முகவரியைக் கொடுங்கள். கதவருகில் தபால்பெட்டியில் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.